முப்பது நாள் நீலம்

மதினி,

நாளை ராகலையில் ஒரு கல்யாணம். உங்கள் தம்பிக்கு வெள்ளை வேட்டி வேண்டுமாம். நீங்கள் போனதிலிருந்து நான் துணிக்கு நீலம் போடுவதில்லை. அவரும் பழுப்பேறிய வேட்டியோடே கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் போய் வருகிறார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று காலையில் மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடித்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை நீலம் தூவினேன். அது நூல் நூலாக இறங்கிக் கரைந்து தண்ணீர் முழுக்க ஒரே நிறமானதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக் குழாயில் பார்த்துப் பார்த்து, ஆத்தா புண்ணியம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே நீலம்.

வேட்டி இன்னும் நனையாமல் கிடக்கிறது. நான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது, மதினி. வாய் வரவில்லை.

உங்களுக்குச் சீனி வியாதி என்று தெரிந்தது காலில் குத்திய ஒரு முள்ளால். முப்பது வருடம் மலையில் கொழுந்தெடுத்து, பிறகு பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து, வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போன குழந்தைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்தவர் நீங்கள். அந்தப் புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மருந்துக் காம்பராவில் உங்கள் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். செங்கல் நிறத்துக்கு வந்தது. அன்றைக்கே உங்கள் தம்பி லயத்தில் உங்கள் அறைக்குப் போய் உங்கள் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து நம் வீட்டில் வைத்துவிட்டார். புருஷனும் போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாத நீங்கள் வேறு எங்கே போவீர்கள்.

ஊசி போடவும் நிறம் பார்க்கவும் டிஸ்பென்சர் ஐயா எனக்குத்தான் கற்றுக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள். பிள்ளைகளின் புத்தகத்தையும் கோயில் பாட்டுப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிக் கூட்டித் தேறியவள். அரிசி எத்தனை கொத்து, மண்ணெண்ணெய் எத்தனை போத்தல் என்று நான் எழுதி வைப்பதைப் பார்த்துத்தான் அவர் நம்பி ஒப்படைத்தார். குழாயில் ஒரு தேக்கரண்டி நீல மருந்து. அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி வரவில்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் என்று ஏறிக்கொண்டே போகும். அவர் சொன்னதையெல்லாம் புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். ஊசியை ஒருநாளும் விடக்கூடாது. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு. வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சீனித் தண்ணீர். மூன்று வரி. என் கையெழுத்து.

வெறும் தேத்தண்ணியும் உள்ளங்கையில் சீனியுமாக, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று நாற்பது வருடம் குடித்த நாக்கு உங்களுடையது. அதை நான் ஒரே நாளில் நிறுத்தினேன். நீங்கள் சும்மா இருப்பீர்களா.

"நேத்துப் பச்சை. இன்னைக்குச் செங்கல். என்ன தின்னீங்க மதினி?"

"மூணு வேளையும் ஒன் குரக்கன் ரொட்டியத்தான் தின்னேன். வேணும்னா அது மேல கேஸ் போடு."

"முந்தானையில என்ன முடிச்சு?"

"வெத்தல."

"அவுத்துக் காட்டுங்க பாப்போம்."

அவிழ்த்தால் சீனி. பழைய இடத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளைக்காம்பராவுக்குப் போய், அங்கே பாலுக்கு வைத்திருந்ததில் ஒரு பிடி எடுத்து வந்திருக்கிறீர்கள்.

"பச்சப் புள்ளைங்க சீனி மதினி இது."

"அந்தப் புள்ளைங்க பீத்துணி அலசுனவ நான். ஒரு பிடிக்கு உரிமை இல்லையா? நீ என் தம்பியக் கட்டிக்கிட்டு வந்தியா, இந்தக் கொப்பியக் கட்டிக்கிட்டு வந்தியா, எனக்கு வெளங்கல புள்ள."

அன்று முதல் சீனி டின் அலமாரிக்குள் போனது. சாவி என் இடுப்பில். நீங்கள் எனக்குக் 'கணக்குக்காரி' என்று பெயர் வைத்தீர்கள். லயத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். உங்களுக்குப் புண் ஆறியது. முப்பது யூனிட் ஊசி, குரக்கன் ரொட்டி, கீரை, இரண்டு வேளை குழாய். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மஞ்சளும் பச்சையுமாக நிறம் ஊசலாடிக்கொண்டே இருந்தது. எனக்கு அது போதவில்லை. மாரியம்மன் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். ஆத்தா, ஒரு மாதம் முழுக்க நீலம் காட்டு, உன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று.

மாசியில் நீலம் வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று கட்டம் கட்டமாக எழுதினேன். பத்தாம் நாள் உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பதினெட்டாம் நாள் மருந்துக் காம்பராவுக்குக் கொப்பியை எடுத்துப் போனேன். டிஸ்பென்சர் ஐயா புரட்டிப் பார்த்து, "இந்தத் தோட்டத்துலயே இவ்வளவு நல்லா பாத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார். அந்த வார்த்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அந்த மாதத்தில் உங்கள் உடம்பு சொன்ன ஒவ்வொன்றையும் இப்போது எழுதிப் பார்க்கிறேன். காலையில் எழுந்தால் உங்கள் முகம் உப்பியிருந்தது. பக்கத்து லயத்துப் பெரியாயி பார்த்துவிட்டு, "மூஞ்சி தெளிஞ்சு சதை போட்டிருக்கா, கண்ணு பட்டுரும், சுத்திப் போடு" என்றாள். சுற்றிப் போட்டேன். உங்களுக்குப் பசி குறைந்தது. அரை ரொட்டியோடு கையைக் கழுவினீர்கள். பத்தியம் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பகல் பதினோரு மணிக்கு மேல், "கை வெடவெடன்னு நடுங்குது புள்ள, உள்ளங்கையில ஒரு சிட்டிகை வையேன்" என்று நாலைந்து தரம் கேட்டீர்கள். பனிக் குளிர், கம்பளியைப் போர்த்துங்கள் என்றேன். ஒருநாள் கேட்டுக் கேட்டுச் சலித்து, "ஒனக்கு நான் பேசுறது கேக்குதா, அந்தக் குழாய் பேசுறதுதான் கேக்குதா" என்றீர்கள். நான் சிரித்தேன். குழாய் நீலமாக இருந்ததே.

முப்பது நாளும் நிறைந்தது. திருவிழாவும் வந்தது.

பால்குடம் கோயில் சேருகிற வரைக்கும் குடம் எடுக்கிறவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அது எனக்குத்தான் முறை, உங்களுக்கில்லை. விடிந்ததும் உங்களுக்கு ரொட்டி சுட்டு மூடி வைத்துவிட்டுத்தான் குளித்தேன்.

"தின்னுட்டு மெதுவா வாங்க மதினி."

"நீ எனக்காகப் பட்டினி கெடந்து கொடம் தூக்குவ. நான் பின்னால ஏப்பம் விட்டுக்கிட்டு வரணுமாக்கும். வந்து தின்னுக்குறேன், போ."

"அப்ப ஊசி?"

"அத நீ விட்டுருவியா? போடு. ஒரு கட்டம் காலியாக் கெடந்தா ஒனக்குச் சோறு எறங்காது."

போட்டேன். முப்பது யூனிட். முதல் வரியைக் காப்பாற்றினேன். இரண்டாவது வரியைப் பிறகு பார்க்கலாம் என்று ஆத்தாளிடம் விட்டுவிட்டேன். முப்பது நாள் நீலம் காட்டியவளுக்கு ஒரு காலைப்பொழுதைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தது பக்தியா, திமிரா என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஆற்றங்கரையிலிருந்து தேயிலை மலையைச் சுற்றிக் கோயிலுக்கு வரப் பதினொன்றரை ஆகிவிட்டது. தப்புச் சத்தம் காதை அடைத்தது. நான் குடத்தை இறக்கப் போகிற நேரம், பின்னால் பெண்கள் விலகினார்கள். திரும்பினால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். மூடுபனியில் எல்லாருக்கும் பல் கிட்டிக்கொண்டிருக்க, உங்களுக்கு மட்டும் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்து ரவிக்கை நனைந்திருந்தது. உடம்பு ஆடியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. வாய் ஏதோ முணுமுணுத்தது.

"ஆத்தா எறங்கிட்டா" என்றாள் பெரியாயி.

தப்புக்காரர்கள் அடியை வேகமாக்கினார்கள். யாரோ உங்கள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அது நழுவி விழுந்தது. உங்கள் வாழ்நாளில் உங்கள் மேல் சாமி வந்ததில்லை. வருகிறவர்களை நீங்கள் கேலிதான் செய்வீர்கள். அதனாலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வேண்டுதலுக்காக ஆத்தா உங்களையே தேடி வந்துவிட்டாள் என்று பட்டது. ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டேன்.

"ஆத்தா, எங்க மதினி வியாதி போயிருச்சா? ஒரு வார்த்தை சொல்லு தாயே."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தீர்களா, என் பக்கம் முகம் திரும்பியதா, தெரியவில்லை. உள்ளங்கையை நீட்டினீர்கள்.

"சீனி" என்றீர்கள். நாக்குக் குழறிற்று. "கையில... சீனி."

"ஆத்தா இனிப்பு கேக்குறா, குடுங்க" என்றார் பூசாரி. பெரியாயி மாவிளக்குத் தட்டிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து உங்கள் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். நான் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம். அவங்களுக்கு ஆகாது."

பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆத்தாளுக்கே பத்தியமா புள்ள?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியாயி கையை இழுத்தாள். நான் விடவில்லை, மதினி. எதிரில் நிற்பது சாமி என்று நம்பி விழுந்து கும்பிட்ட அதே நான், அந்தச் சாமி வாய் திறந்து கேட்டதைக் கொடுக்கவிடாமல் நின்றேன். முப்பது கட்டம் நீலம் முப்பத்தொன்றில் கெட்டுவிடக் கூடாது என்று. அப்படியே சரிந்து என் காலடியில் விழுந்தீர்கள்.

விழா பார்க்க வந்து கழுத்தில் மாலையோடு நாற்காலியில் இருந்த டிஸ்பென்சர் ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உங்கள் கழுத்தைத் தொட்டு, ஈரமான விரலைப் பார்த்தார்.

"தப்ப நிறுத்துங்க. இது சாமியுமில்ல ஒண்ணுமில்ல. காலையில என்ன சாப்பிட்டாங்க?"

சுட்டு வைத்த ரொட்டி வீட்டில் அப்படியே இருக்கிறது என்றேன்.

"ஊசி போட்டீங்களா?"

தலையாட்டினேன். அவர் முகம் வெளுத்ததைக் கண்ணால் பார்த்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பானகத்தைக் கொண்டுவரச் சொல்லி, உங்களை நிமிர்த்தி உட்கார வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் தடவினார். நீங்கள் விழுங்க ஆரம்பித்த பிறகு சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அப்புறம் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பின்னேரம் கண் விழித்தீர்கள். முதல் வார்த்தை என்னிடம்தான்.

"நீ பெரியாயி கையப் புடிச்சத பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. வாய்தான் வரல."

மறுநாள் டிஸ்பென்சர் ஐயா என்னை மருந்துக் காம்பராவுக்குள் கூப்பிட்டார். இந்த முறை நீல மருந்தைத் தொடவில்லை. வெறும் சிறுநீரைக் குழாயில் எடுத்து, மேல்பாதியை மட்டும் விளக்கில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி மேலே வெண்மையாகத் திரண்டது. மேலே வெள்ளை, கீழே தெளிவு.

"சிறுநீரகம் கெட்டுப்போச்சும்மா. எத்தனையோ நாளா."

"நீலமா இருந்துச்சே ஐயா. முப்பது நாள்."

"அதுதான். போட்ட ஊசி மருந்த வேலை முடிஞ்சதும் கழிச்சு விடுறதுல அதுக்கும் பங்கு இருக்கு. அது சோந்து போனா மருந்து போகாம ஒடம்புலயே தங்கிரும். நேத்துப் போட்டது மேல இன்னைக்குப் போட்டது. சீனி எறங்கி எறங்கித்தான் அவங்களுக்கு நடுக்கம். அதோட, வடிகட்டுற எடமே பழுதானா ரத்தத்துல சீனி ஏறி இருந்தாக்கூட சிறுநீர்ல சரியா வந்து சேராது. நீலத்த நம்பவே முடியாது." குழாயைக் கீழே வைத்து, "நான் இத முன்னாலயே காய்ச்சிப் பாத்திருக்கணும். நானும் ஒங்க கொப்பியப் பாத்து மயங்கிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். உப்பிய முகம், குறைந்த பசி, நீல நிறம். ஒவ்வொன்றும் உங்களைக் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் நல்லது என்று எழுதியிருக்கிறேன். அந்த மாதம் முழுவதும் பொய் சொல்லாதது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வாய்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஊசியை முப்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார். "கொஞ்சம் பச்சையா இருந்தா இருக்கட்டும், நீலத்துக்கு ஆசைப்படாதீங்கன்னு சொல்றார்" என்று தாதி தமிழில் சொன்னாள். உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். கருவாடும் மாசி மீனும் போயின. வார்டில் படுத்துக்கொண்டே நீங்கள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கதை சொன்னீர்கள். "ஆத்தாளுக்கே வெல்லம் குடுக்காதவ இவ. எமன் வந்தாலும் கொப்பியக் காட்டி நிறுத்தி வைப்பா." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு, "சீனியும் இல்ல, உப்பும் இல்ல. மிச்சம் ஒன் மூஞ்சி ஒண்ணுதான், அதத்தான் நக்கணும்" என்றீர்கள். நான் அலமாரிச் சாவியை உங்கள் தலையணைக்கு அடியில் வைத்தேன். நீங்கள் ஒருநாளும் அதைத் தொடவில்லை. நடுக்கம் வந்தால் என்னைக் கூப்பிடுவீர்கள். நான் டின்னோடு ஓடி வருவேன். "ஓடாத, செத்துப்போயிற மாட்டேன்" என்பீர்கள்.

பன்னிரண்டு எட்டானது. எட்டு நாலானது. ஒருநாள் டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்துவிட்டு, இனி ஊசியே வேண்டாம் என்றார். வாசலில் நின்ற பெரியாயி, "ஊசிய நிறுத்திட்டாங்களா? அப்ப வியாதி போயிருச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லப் போனாள். நீங்கள் வீங்கிய கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியா புள்ள?"

மதினி, எனக்குப் பதில் தெரியும். சிறுநீரகம் முழுதாக நின்றுபோகப் போகிறது, அதனால்தான் மருந்து தேவைப்படவில்லை. அதைச் சொல்லாமல் உங்கள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன். நீங்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை. அடுத்த மாதம், மழை விட்ட ஒரு காலையில், உங்கள் தம்பி வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் வருவதற்குள் போய்விட்டீர்கள்.

கோயிலுக்கு நான் இப்போதும் போகிறேன். அன்று சீனி கேட்டது ஆத்தாளா, உங்கள் உடம்பா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் கொடுத்திருக்க வேண்டும். இதைத்தான் அந்த ஐந்து மாதமும் உங்களிடம் சொல்ல நினைத்தேன்.

இப்போது இந்த வியாதிக்காரர்கள் மூன்று பேர் என்னிடம் வருகிறார்கள். டிஸ்பென்சர் ஐயாதான் அனுப்புகிறார். நான் வேண்டாம் என்றேன். "நீங்கதாம்மா பாக்கணும்" என்றார். போன வாரம் மேட்டு லயத்து மருதாயி குழாயைக் கையிலேயே ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். "நீலம் காட்டுதும்மா, மூணு நாளா நீலம்" என்றாள், முகமெல்லாம் பல்லாக. அவளை உட்கார வைத்தேன். குழாயை வாங்கி மூலையில் வைத்தேன். பசிக்கிறதா, எந்த நேரம் நடுங்குகிறது, காலையில் முகம் கனக்கிறதா, என்ன தின்ன ஆசையாக இருக்கிறது என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரன், மாமியார், ஆடு, எல்லாவற்றையும் சேர்த்து அரை மணி நேரம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் பேனாவை எடுக்கவில்லை.